அப்பா சுட்ட ஒரே மான்

எங்கள் வீட்டில் துவக்கு, அதாவது வேட்டைத் துப்பாக்கி, இருந்தது என்று சொன்னால் தமிழர்கள் ஒருமாதிரிப் பார்ப்பார்கள். நோர்வேக்காரர்கள் எந்தக் காட்டில் வேட்டை என்று கேட்பார்கள். இந்த இரண்டு பார்வைக்கும் நடுவில் வளர்ந்தவள் நான். இரண்டு பேருக்கும் நான் சொல்லும் பதில் ஒன்றுதான். அப்பா தன் வாழ்நாளில் ஒரே ஒரு மானைத்தான் சுட்டார். அதற்கு மேல் யாராவது துருவினால் பேச்சை மாற்றிவிடுவேன். இன்றைக்கு மாற்றப்போவதில்லை.

ஒஸ்லோவின் அம்மருட் பகுதியில் ஒரு மாடிக்கட்டடத்தின் ஒன்பதாவது தளத்தில் எங்கள் வீடு இருந்தது. துவக்கு வைத்திருப்பவர் அதை இரும்பு அலுமாரிக்குள் பூட்டி, அலுமாரியைச் சுவரோடு சேர்த்துத் திருகாணியால் முடுக்கிவிட வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். அந்த அலுமாரியைத் தூக்க, ஊர்ப் போருக்குத் தப்பி இங்கே வந்து சேர்ந்த நாலு தமிழர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன், எங்களுக்குப் பெரியப்பா முறை. அலுமாரியைப் படுக்கையறை மூலையில் இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கியபடி அவர் சொன்னது இன்றைக்கும் எங்கள் சொந்தக்காரர் நடுவில் உலாவுகிறது.

"அங்கை துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இவன் இஞ்சை வந்து துவக்குக்கு வீடு கட்டிக் குடுக்கிறான்."

அப்பா சிரித்தார். அந்த நாட்களில் அவர் எதற்கும் சிரிப்பார்.

அப்பா ஒஸ்லோவில் பஸ் ஓட்டினார். அதற்கு முன், அம்மாவைக் கலியாணம் செய்வதற்கும் முன், வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் ஒரு மீன் ஆலையில் ஆறேழு வருடம் மீன் வெட்டியவர். அங்கே அவருக்குப் பக்கத்தில் நின்று மீன் வெட்டிய நோர்வேக்காரர் ஒருவர் பிறகு தெற்கே தன் சொந்த ஊருக்குத் திரும்பிவிட்டார். நெஞ்சுவரை தாடி வளர்த்தவர் என்பதால் அவர் எங்களுக்குத் தாடி மாமா. கொங்ஸ்விங்கர் என்ற ஊரைத் தாண்டிப் போனால் அவருடைய பரம்பரைக் காடு. அப்பாவுக்கு வேட்டை ஆசையை மூட்டியவர் அவர்தான். அப்பா பிறந்த ஊரில் மானே கிடையாது. ஆடு, மாடு, நாய், காகம், அவ்வளவுதான்.

ஆனால் மானைவிடப் பெரிய ஆசை ஒன்று அப்பாவின் மனதில் இருந்தது. திங்கட்கிழமை காலைகளில் வகுப்பில் ஆசிரியர், சனியும் ஞாயிறும் என்ன செய்தீர்கள் என்று பிள்ளைகளைக் கேட்பார். நோர்வேப் பிள்ளைகள் மலைவீடு, பனிச்சறுக்கு, வேட்டை என்று அடுக்குவார்கள். அண்ணா மட்டும் தமிழ்ப் பாடசாலை, பிறகு யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாள் என்பான். வருடம் முழுவதும் அதே பதில். ஒருநாள் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லி அழுதானாம். தன் பிள்ளைகள் வகுப்பில் எழுந்து, எங்களுடைய அப்பா எங்களை மான் வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனார் என்று சொல்ல வேண்டும் என்பது அன்றிலிருந்து அப்பாவுக்கு ஒரு நேர்த்திக்கடன் போல ஆகிவிட்டது.

வேட்டைக்குப் போவதற்கு முன் பரீட்சை எழுதித் தேற வேண்டும். அந்த வசந்தகாலம் முழுவதும் எங்கள் குசினி மேசையில் விலங்கும் பறவையும் படம் போட்ட புத்தகம் விரிந்து கிடந்தது. பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு அம்மா கேள்வி கேட்பார். இது என்ன வகைத் தாரா, இதைச் சுடலாமா, கூடாதா. அம்மாவின் வயிற்றில் அப்போது பிள்ளை. வயிறு மேசையில் இடிக்காமல் கதிரையைத் தள்ளிப் போட்டு, கையை எட்டி நீட்டிப் படத்தைக் காட்டுவார். அப்பா பிழையாகச் சொன்னால், போச்சு, பொலிஸ் பிடித்துவிட்டது, ஆறு மாதம் உள்ளே என்று தீர்ப்புச் சொல்வார். நானும் அண்ணாவும் விழுந்து விழுந்து சிரிப்போம். அப்பா முதல் தரமே தேறினார். அம்மா எழுதியிருந்தால் அவரைவிட நல்ல புள்ளி எடுத்திருப்பார் என்பது வீட்டின் ஏகோபித்த முடிவு. இலையுதிர்காலத்தில் ஐந்து பேருமாகக் காட்டுக்குப் போவதென்று அப்பா அறிவித்தார். ஐந்தாவது ஆளை அவர் முதுகில் கட்டிக்கொண்டு நடப்பாராம்.

ஆடி மாதத்தில், வயிற்றில் எட்டு மாதமாக இருந்த பிள்ளை, வயிற்றிலேயே இறந்துபோனது. பெண்பிள்ளை. கையில் வாங்குகிறீர்களா என்று தாதி கேட்டபோது அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாராம். அப்பா வாங்கி ஒரு மணி நேரம் மடியில் வைத்திருந்தாராம். பச்சைப்பிள்ளைக்குக் கிரியை கிடையாது என்று ஐயர் சொல்லிவிட்டார். அப்பா தனியே போய் அடக்கம் செய்துவிட்டு வந்தார். பிள்ளை எப்படி இருந்தாள் என்று அம்மா கேட்கவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. இதையெல்லாம் இருபது வருடங்களுக்குப் பிறகு, என் மகன் பிறந்த ஆஸ்பத்திரி அறையில் அவனை மடியில் வைத்துக்கொண்டு அம்மாதான் எனக்குச் சொன்னார். அன்றைக்கு, ஏழு வயதில், எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். தங்கச்சியைச் சாமி திருப்பி எடுத்துக்கொண்டார் என்று அப்பா சொல்லியிருந்தார்.

தொட்டில் நிலவறைக்குப் போனது. படுக்கையறையில் அதற்கென்று ஒதுக்கியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் இரும்பு அலுமாரி மட்டும் நின்றது. பிள்ளைக்கு வாங்கியவற்றில் ஒரு மஞ்சள் போர்வை மாத்திரம் எப்படியோ தப்பி என் உடுப்புகள் வைக்கும் மேசை லாச்சிக்குள் வந்து சேர்ந்திருந்தது. அப்பா ஓய்வுநாளிலும் பஸ் ஓட்டப் போனார். அம்மா சமைத்தார், துவைத்தார், ஜன்னலோரம் நின்றார். இரண்டு பேரும் சண்டை பிடிக்கவில்லை. ஆனால் ஒருவரோடு ஒருவர் கதைப்பதை விட்டுவிட்டார்கள். கதைக்க வேண்டியது எல்லாம் என் வழியாகவே போனது. சாப்பாடு மேசையில் இருக்கிறதென்று அப்பாவிடம் சொல்லு, நாளைக்குப் பிந்தித்தான் வருவேன் என்று அம்மாவிடம் சொல்லு. மூன்று அடி தூரத்தில் நிற்கும் ஆளிடம் போய் அதையே திருப்பிச் சொல்வது எனக்கு முதலில் விளையாட்டாக இருந்தது, பிறகு அலுத்துப்போனது.

ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தது. அதுவரை விரதம் பிடித்துப் பழக்கமில்லாத அம்மா அந்த வருடம் ஆறு நாளும் பிடித்தார். சஷ்டி பிடித்தால் அடுத்தது நல்லபடி தங்கும் என்று கோவிலில் கண்ட பெண்கள் ஆளுக்கொரு தரம் சொல்லியிருந்தார்கள். பகல் முழுவதும் தண்ணீர், பின்னேரம் பாலும் பழமும். ஏற்கனவே மெலிந்திருந்தவர் இன்னும் மெலிந்தார்.

சஷ்டியை முன்னிட்டுத் தமிழ்ப் பாடசாலையில் எங்கள் ஆசிரியை வள்ளியின் கதையைச் சொன்னார். காட்டில் ஒரு மானின் வயிற்றில் பெண்பிள்ளை உண்டாகிறது. பெற்றபின், இது என் குட்டி மாதிரி இல்லையே என்று மான் விட்டுவிட்டு ஓடிவிடுகிறது. அந்த வழியாக வந்த வேடர் தலைவன் பிள்ளையைக் கண்டெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்க்கிறான். பெண்பிள்ளை இல்லையே என்று ஏங்கிக்கொண்டிருந்தவன் அவன். எங்கள் வீட்டில் ஏற்கனவே ஒரு பெண்பிள்ளை, அதாவது நான், இருந்ததை நான் பெரிதுபடுத்தவில்லை. சாமி தன்னிடம் இருக்கும் பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் வைப்பார் என்பது அன்றோடு எனக்குத் தெரிந்துவிட்டது. காடு தாடி மாமாவிடம் இருந்தது. துவக்கு அப்பாவிடம் இருந்தது. இனி என்ன குறை?

யாரிடமும் மூச்சுவிடவில்லை. அண்ணாவிடம் சொன்னால் கேலி செய்வான். அவனுக்குப் பத்து வயது, உலகம் முழுவதும் தெரிந்தவன்.

தாடி மாமா தொலைபேசியில் அழைத்தபோது, முதலில் அப்பா மறுத்தார். வீட்டில் விரதம், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். குசினியில் நின்ற அம்மாவின் காதில் அது விழுந்தது. அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி அப்பாட்டைச் சொல்லு. அவர் போய் வரட்டும்."

நான் மூன்று அடி நடந்து போய்ச் சொன்னேன். அப்பா அம்மாவின் முதுகைப் பார்த்தார். சஷ்டி முடியும்வரை இறைச்சி வீட்டுக்குள் வராது, தாடி மாமா வீட்டிலேயே இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லும்படி என்னிடம் சொன்னார். அப்படியாக ஒரு சனிக்கிழமை, தமிழ்ப் பாடசாலைக்கு லீவு சொல்லாமல், விரத காலத்தில் நாங்கள் மான் வேட்டைக்குப் புறப்பட்டோம். கேள்விப்பட்ட பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டாராம்.

விடிவதற்கு முன்பே கார் கிளம்பியது. தான் பட்டினி கிடந்தபடியே அம்மா எங்களுக்கு உருளைக்கிழங்குப் பிரட்டல் வைத்து ரொட்டி சுருட்டிக் கட்டித் தந்திருந்தார். என் முதுகுப்பையில் ரொட்டிப் பெட்டிக்கு அடியில் மஞ்சள் போர்வையை நான் மடித்து வைத்திருந்தது யாருக்கும் தெரியாது. பிறந்த பிள்ளையைக் குளிரில் சும்மா தூக்கிக்கொண்டு வர முடியாதுதானே.

நகரத்து வெளிச்சங்கள் பின்னால் போனதும் அப்பா பாடத் தொடங்கினார். அவருக்குக் குரலும் இல்லை, தாளமும் இல்லை. ஆனால் ஆடிக்குப் பிறகு அவர் பாடி நாங்கள் கேட்டது அன்றுதான். அண்ணா பின் இருக்கையில் கையால் தட்டினான். வழியில் நிறுத்தி எங்கள் தலையில் செம்மஞ்சள் தொப்பிகளை மாட்டி, தூர நின்று இரண்டு பேரையும் பார்த்து, இரண்டு கரட் என்றார். காட்டில் எப்படி நடப்பது, எங்கே கால் வைக்கக்கூடாது, கையை நீட்டி எதையும் காட்டக்கூடாது என்று பாடம் எடுத்தார். பத்து வயதுப் பையனைவிட அவர்தான் அதிகம் துள்ளிக்கொண்டிருந்தார்.

காட்டின் ஓரத்தில் நெருப்பு மூட்டிக் கோப்பி வைத்துக்கொண்டு தாடி மாமா காத்திருந்தார். கூடவே அவருடைய குட்டைக்கால் நாய். நாய் மறுபக்கமாகச் சுற்றிப் போய் மானைக் கிளப்பும், நாங்கள் ஒரு பாறைக்குப் பின்னால் அசையாமல் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. போவதற்கு முன் தாடி மாமா ஒரு விதியை நினைவுபடுத்தினார். தாயும் குட்டியுமாக வந்தால் முதலில் குட்டியைத்தான் சுட வேண்டும், தாயைச் சுடக்கூடாது.

அண்ணா ஏன் என்று கேட்டான். தாடி மாமா பொறுமையாகச் சொன்னார். தாயில்லாவிட்டால் குட்டி பனிக்காலத்தைத் தாண்டாது. குட்டியில்லாவிட்டால் தாய் இரண்டு மூன்று நாள் தேடும், கூப்பிட்டுப் பார்க்கும், பிறகு சமாளித்துக்கொள்ளும்.

அப்பாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. யார் நோர்வேஜிய மொழியில் எதைச் சொன்னாலும் எங்களுக்குத் தமிழில் திருப்பிச் சொல்வார். அந்த மொழி அவரைவிட எங்களுக்கு நன்றாக வரும் என்பது வேறு விடயம். அன்றும் சொன்னார். தாயில்லாவிட்டால் குட்டி பனிக்காலத்தைத் தாண்டாதாம் என்றவர் அதோடு நிறுத்திக்கொண்டார். மிச்சத்தைச் சொல்லவில்லையே என்று நான் கேட்டேன்.

"மிச்சம் உனக்கு விளங்கினதுதானே," என்று கோப்பியைக் குடித்தார்.

பாறைக்குப் பின்னால் நாங்கள் ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு இருந்தோம். நிலத்தில் பனி மெல்லிசாகத் தூவியிருந்தது. அண்ணாவிடம் தூரநோக்கி. நான் தேநீர்ப் போத்தலுக்குக் காவல். வரும் வழியில் மானின் புழுக்கையைக் கண்டு அப்பா குந்தியிருந்து ஆராய்ந்து, "எங்கடை ஆட்டுப் புழுக்கைதான்," என்று காதுக்குள் சொல்லிச் சிரித்திருந்தார். அந்தச் சிரிப்பு இன்னும் அவர் முகத்தில் மிச்சமிருந்தது. இடைக்கிடை என் கையுறையைக் கழற்றி விரல்களைத் தன் உள்ளங்கைக்குள் வைத்துச் சூடாக்கினார். அண்ணாவின் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டார். திங்கட்கிழமை வகுப்பில் சொல்லலாம்தானே என்று அவனிடம் கிசுகிசுத்தார். அண்ணா தலையாட்டிய வேகத்தில் தூரநோக்கி பாறையில் இடித்தது. என் அப்பா சந்தோஷமாக இருந்த நாள் எது என்று யாராவது கேட்டால், அந்தப் பாறைக்குப் பின்னால் இருந்த இரண்டு மணித்தியாலத்தைத்தான் இன்றும் சொல்வேன்.

தூரத்தில் நாய் குரைத்தது. அண்ணா விதியை மறந்து கையை நீட்டினான். மரங்களுக்கு நடுவில் மண்ணிறமாக ஒரு பெட்டை மான், தனியே, காதுகளை விரித்துக்கொண்டு நின்றது. அதன் வயிறு பருத்திருப்பதாக எனக்குப் பட்டது. பனிக்காலத்து மயிர் அப்படித்தான் அடர்ந்து நிற்கும் என்பது எனக்குத் தெரியாது. நான் முருகனைக் கும்பிட்டேன். அப்பா சுட்டார்.

சத்தம் அடங்கியபோது மான் விழுந்து கிடந்தது. அப்பா துவக்கைப் பத்திரமாக வைத்துவிட்டு அண்ணாவைக் கட்டிப்பிடித்தார். என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். கண்டியளோ, கண்டியளோ என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நாங்கள்தானே பக்கத்தில் இருந்தோம். தாடி மாமா வந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மானின் மடியைத் தடவிப் பார்த்து, பால் இல்லை, குட்டி இல்லாத மான், எந்தப் பிழையும் இல்லை என்றார். பிறகு ஊசியிலை மரத்தில் ஒரு சின்னக் கொப்பை முறித்து அப்பாவிடம் கொடுத்தார். இறந்த மானின் வாயில் கடைசி உணவாக அதை வைப்பது அவர்கள் வழக்கமாம். அப்பா குனிந்து வைத்தார். எங்களைப் பார்த்து, எங்களுடைய வாய்க்கரிசிதான், பார்த்தீர்களா என்றார். எந்த ஊரிலும் மனிதர் ஒன்றுதான் என்று கண்டுபிடித்துவிட்ட பெருமை அவர் முகத்தில் தெரிந்தது.

அடுத்தது வயிற்றைக் கிழித்துக் குடலை எடுக்க வேண்டும். சூடு ஆறுவதற்குள் செய்ய வேண்டிய வேலை. அப்பா கத்தியை எடுத்தார். மீன் ஆலையில் வருடக்கணக்காகப் பழகிய கை. கத்தி தோலைத் தொட்டதும் அதுபாட்டுக்கு ஓடத் தொடங்கியது. தாடி மாமா பார்த்து ரசித்துக்கொண்டு நின்றார். அந்த வேகத்தில் வெட்டினால் என்ன ஆகும்?

"அப்பா, மெல்ல வெட்டுங்கோ."

நான் பயப்படுகிறேன் என்று நினைத்து, அங்காலே திரும்பி நில்லம்மா என்றார். நான் முதுகுப்பையைத் திறந்து ரொட்டிப் பெட்டியைத் தள்ளி, மஞ்சள் போர்வையை இழுத்து எடுத்து, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன்.

"தங்கச்சி உள்ளை இருப்பா. கத்தி பட்டிடும்."

கத்தி நின்றது. அண்ணா என்னை விசரி என்றான். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். பிள்ளை என்ன சொல்கிறாள் என்று தாடி மாமா கேட்டார். எதையும் மொழிபெயர்க்காமல் விடாத அப்பா அதை மொழிபெயர்க்கவில்லை.

கத்தியைப் பனியில் வைத்தார். சட்டைக் கைகளை முழங்கைக்கு மேலே சுருட்டினார். முழந்தாளிட்டு, மானின் வயிற்றுக்குள் இரண்டு கைகளையும் விட்டு மெல்லத் தடவினார். உள்ளிருந்து ஆவி பறந்து அவர் முகத்தை மூடியது. நான் போர்வையோடு பக்கத்தில் போய் நின்றேன்.

"இல்லை அம்மா," என்றார்.

"வடிவாப் பாருங்கோ அப்பா."

அவர் வடிவாகப் பார்த்தார். ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பனியில் வைத்து, எனக்குப் பெயர் சொன்னார். இது இரைப்பை, இது ஈரல், இது இதயம். கடைசியாக விரல் அளவில் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"இதுதான் குட்டி இருக்கிற இடம். வெறுமையாய்க் கிடக்குது, பார். இல்லைக் குஞ்சு."

அப்பாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. ஆவி பட்டதால் என்று நினைத்தேன். அவர் பட்ட பாடெல்லாம் வீணாய்ப் போனதே என்று எனக்கு அவர் மீது இரக்கமாக இருந்தது. அவரைத் தேற்ற வேண்டும் போல் இருந்தது. போர்வையை மடித்துக்கொண்டு சொன்னேன்.

"பரவாயில்லை அப்பா. இது வேறை மான். அடுத்த கிழமை வேறை ஒண்டைப் பாப்பம்."

"ஓம்," என்றார் அப்பா.

பிறகு எழுந்து கீழே ஓடும் நீரோடைக்குப் போனார். ஓரம் உறைந்த தண்ணீரில் குந்தியிருந்து கை கழுவினார். நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம். அவர் கழுவி முடிக்கவேயில்லை. தாடி மாமாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஆடியில் எங்கள் வீட்டில் நடந்தது தெரியும். என் கையிலிருந்த போர்வையைப் பார்த்துவிட்டு அவர் தன் தொப்பியைக் கழற்றினார். மிச்ச வேலையை அவரே செய்தார்.

திரும்பி வரும் வழியில் அப்பா பாடவில்லை. அதற்குப் பிறகு அவர் வேட்டைக்கும் போகவில்லை. அடுத்த வருடம் துவக்கை விற்றுவிட்டார். இரும்பு அலுமாரியைக் கழற்ற யாருக்கும் மனம் வரவில்லை, இன்று அதற்குள் கடவுச்சீட்டுகள் இருக்கின்றன. திங்கட்கிழமை ஆசிரியர் கேட்டபோது, தமிழ்ப் பாடசாலைக்குப் போனோம் என்று அண்ணா சொன்னானாம்.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது நாலு மணிதான், அதற்குள் இருட்டிவிட்டது. அப்பா நேரே படுக்கையறைக்குப் போய்த் துவக்கைப் பூட்டினார். அம்மா கழுவுவதற்காக ரொட்டிப் பெட்டியைத் தேடி என் பையைத் திறந்தார். போர்வை வெளியே வந்தது. அதில் ஊசியிலைகள் ஒட்டியிருந்தன. இது எப்படிக் காட்டுக்குப் போனது என்று என்னைக் கேட்டார். விரத நாளில் பொய் சொல்லக்கூடாது. எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அப்பாவைக் கோபிக்கக்கூடாதே என்று, அவர் பக்கத்து நியாயத்தையும் சேர்த்துச் சொன்னேன்.

"அப்பா வடிவாத் தேடிப் பாத்தவர் அம்மா. ரெண்டு தரம் பாத்தவர்."

அம்மா போர்வையைப் பிடித்தபடி நின்றார். பிறகு குளியலறைக்குள் போய் ஒரு பேசினில் சுடுதண்ணீர் எடுத்து, குசினியில் கொஞ்சம் மஞ்சள் தூளை அதில் கரைத்து, படுக்கையறைக்குக் கொண்டுபோனார். நாங்கள் பின்னாலே போனோம். அப்பா அலுமாரிக்கு முன்னால், கட்டிலில், பூட்டிய திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். அவ்வளவு கழுவியும் நகங்களுக்குள் ரத்தம் காய்ந்து கிடந்தது. விரதக்காரர் அதைத் தொடுவது தீட்டு. அம்மா நிலத்தில் உட்கார்ந்து, திறப்பை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, அப்பாவின் கையைத் தண்ணீருக்குள் வைத்து ஒவ்வொரு விரலாகக் கழுவத் தொடங்கினார். சொல்ல வேண்டியதை நான் கொண்டுபோவதற்காகக் கதவடியில் தயாராக நின்றேன். அம்மா என்னைக் கூப்பிடவில்லை. நேராக அப்பாவிடமே கேட்டார்.

"இஞ்சேருங்கோ. அவ எப்பிடி இருந்தவ?"

மானைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். மண்ணிறம், காது பெரிது, வால் இல்லவே இல்லை. யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"தலை நிறைய மயிர்," என்றார் அப்பா. "நல்ல கறுப்பு. உம்மடை மூக்கு."

"கண்?"

"மூடியிருந்தது. நித்திரை மாதிரி."

அம்மா அப்பாவின் கைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தமாக அழுதார். அப்பாவும் அழுதார். எனக்குக் கோபம் வந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். மானின் மூக்கு கறுப்பாக, ஈரமாக இருந்தது, அம்மாவின் மூக்கு போல இல்லவே இல்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அண்ணா என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்து, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினான்.

அப்பா பொய் சொல்கிறார், அம்மா அதை நம்பி அழுகிறார் என்று அவனிடம் முறைப்பட்டேன். மானின் கண் கடைசிவரை திறந்துதான் இருந்தது என்றும் சொன்னேன்.